இரவல் கொப்பியை யார் பார்க்கலாம்?

இறாக்கைப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வன்னியில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளையே பிடித்துவிடுவீர்கள். இரண்டு கிழமையாக ஒரு விஷயம் மனதுக்குள் கிடந்து அரிக்கிறது.

எங்களிடம் இரவல் கொடுப்பது கொப்பியில்தான். நீளக் கொப்பி. திகதி, அங்கத்துவ இலக்கம், பெயர், புத்தகத்தின் பெயர், திருப்பித் தரவேண்டிய நாள், கையெழுத்து. எந்த நேரமும் மேசையில் விரித்தபடி கிடக்கும். பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு பேனை வேண்டும்.

உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி ரியூசன் முடிந்து சைக்கிளில் வருவாள். முதலில் நாவல்கள் எடுத்தாள். பிறகு உளவியல் இறாக்கைக்கு முன்னால் அடிக்கடி நிற்கத் தொடங்கினாள். ஒரு நாள் மனச்சோர்வு பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை, இரண்டு நாவல்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து அவளுடைய மாமா வந்தார். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக்கும் தெரிந்தவர். "சோதினைக்குப் படிக்காமல் இவள் என்னத்தை வாசிக்கிறாள் எண்டு ஒருக்காப் பாப்பம் பிள்ளை" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனார். அந்தப் பெயரில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல், "சரி பிள்ளை" என்று எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மூன்று புத்தகத்தையும் தம்பிக்காரன் கொண்டுவந்து தந்தான்.

நான் செய்தது பிழையா? எங்கள் வேலைக்கென்று இதற்கு ஏதும் ஒழுங்கு இருக்கிறதா? பயிற்சி வகுப்பில் இலக்கமிடுவது, பட்டியல் அட்டை எழுதுவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தந்த ஞாபகம் இல்லை.

நெடுங்கேணியான் | ஞாயிறு, இரவு 10.15

இதில் என்ன பிழை தங்கச்சி? பிள்ளையின் தாய்மாமன் கேட்டார், காட்டினீர்கள். வெளி ஆளா கேட்டது? எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று அறிய எனக்கு உரிமை இல்லையா? போனைத் தூக்கி ஒளித்து வைத்துவிட்டு நூலகத்துக்கு அனுப்புகிறோம், அங்கேயும் ஒளிவு மறைவு என்றால் எப்படி?

ஓய்வூதியம் | திங்கள், காலை 6.05

பிள்ளை, நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நேராகச் சொல்கிறேன், பிழைதான். ஆனால் உங்கள் பிழை கால்வாசி. மீதி அந்தக் கொப்பியின் பிழை. கொப்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் எழுதிய ஒழுக்கக் கோவையிலேயே, வாசகரோடு பழகுவதால் தெரியவரும் அந்தரங்க விஷயங்களை வெளியே விடாமல் வைத்திருப்பது நூலகரின் கடமை என்று இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் அதை இன்னும் விரித்து, தேடியது, பார்த்தது, இரவல் வாங்கியது எல்லாம் அடக்கம் என்று சொல்கிறார்கள். உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் கொண்டுவந்த கோவையிலும் அந்தரங்கத்துக்குத் தனிப் பகுதி உண்டு. நடுநிலைக்கும் உண்டு.

எங்களுடைய ஆளைப் பார்ப்போம். இந்திய நூலகவியலாளர் சீர்காழி ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதி எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். இதில் இரகசியம் என்ற சொல்லே இல்லை. ஆனால் இரண்டாம் விதியை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். அவளுக்கான நூல் இறாக்கையில் இருந்தது. அவளே கண்டுபிடித்தாள். எடுத்தும் போனாள். இனி வரமாட்டாள். புத்தகம் இருக்கிறது, வாசகி இருக்கிறாள், நடுவில் ஒரு விரல் வந்து நின்றுவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து உடைகிற இடம் இதுதான்.

அவள் புத்தகத்தை எப்படிக் கொண்டுவந்தாள் என்று கவனித்தீர்களா? இரண்டு நாவலுக்கு நடுவில் வைத்து. உங்களிடம்கூட மறைத்துத்தான் தந்திருக்கிறாள்.

நெடுங்கேணியான் | திங்கள், காலை 7.30

ஐயா, அமெரிக்காவில் பதினெட்டு வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போகும். இங்கே அப்படியா?

ஓய்வூதியம் | திங்கள், காலை 8.10

அங்கேயும் தகப்பனுக்கு உரிமை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. தன் பிள்ளையைப் பற்றித் தகப்பன் முடிவெடுக்கலாம், நூலகம் தகப்பன் வேலை பார்க்காது, அவ்வளவுதான். உங்கள் மகள் என்ன வாசிக்கிறாள் என்று அறிய வேண்டுமா, மகளைக் கேளுங்கள். புத்தகம் உங்கள் வீட்டு மேசையில்தான் கிடக்கும். என்னிடம் ஏன் வருகிறீர்கள்?

பாலைப்பழம் | திங்கள், மதியம் 12.50

நான் வாசகன் பக்கத்தில் இருந்து ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு வரவுப் பதிவேடு. பத்திரிகை பார்க்க வந்தாலும் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், கையெழுத்து. நான் இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமுக்குள் இருந்தவன் நான். அந்த வருடத்தில் என் பெயரை எத்தனை தாளில் எழுதினார்கள் என்று கணக்கில்லை. ஏன் எழுதுகிறார்கள், அந்தத் தாள் எங்கே போகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்போது ஒரு மேசைக்குப் பின்னால் ஒருவர் கொப்பியும் பேனையுமாக இருந்து "பெயர்?" என்று கேட்டாலே கை ஈரமாகிறது.

நூலகத்தில் இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும். அவளிடம் எனக்குப் பயம் இல்லை. அந்தக் கொப்பி ஐந்து வருடம் அலுமாரியில் கிடக்குமே, அப்போது அந்தக் கதிரையில் யார் இருப்பார்?

பள்ளிநூலகம் | திங்கள், மாலை 4.20

பாலைப்பழம் அண்ணை சொன்னது என்னைத் தாக்கிவிட்டது. வரவுப் பதிவேட்டைப் பற்றி நான் இப்படி நினைத்ததே இல்லை. மாத அறிக்கையில் "வாசகர் எண்ணிக்கை" என்று ஒரு நிரல் இருக்கிறது, அதற்காகத்தான் கையெழுத்து வாங்குகிறோம். எண்ணிக்கைக்கு எண் போதுமே. வாசலில் இருந்து கோடு கீறினாலும் காணும். நாலு கோடு, குறுக்கே ஒன்று.

கணக்குக்கிளை | திங்கள், மாலை 5.05

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் ஒரு சபையில் கணக்குப் பக்கம் இருக்கிறேன். கொப்பியைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் கணக்காய்வு வருகிற அன்று வந்து நில்லுங்கள். வருட முடிவில் இருப்பெடுப்பு நடக்கும், இருக்கிற புத்தகங்களை எல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். இருநூறு புத்தகம் குறைந்தால் பொறுப்பாளர் விளக்கம் கொடுக்க வேண்டும், சில வேளை சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்தப் பயத்தில்தான் நல்ல புத்தகத்தை எல்லாம் அலுமாரியில் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடி போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஆளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இன்னொன்று. தகவல் அறியும் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். நூலகம் பொது நிறுவனம். அப்படியென்றால் கொப்பியும் பொது ஆவணம்தானே? யாரும் கேட்டால் காட்ட வேண்டிவரும்.

ஓய்வூதியம் | திங்கள், இரவு 8.45

கணக்குக்கிளை தம்பி, அதே சட்டத்தின் 5ஆம் பிரிவை ஒருக்கால் புரட்டுங்கள். பொது அலுவலோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைக் கொடுக்க மறுக்கலாம் என்று முதலாவதாகவே அதுதான் இருக்கிறது. சபை எத்தனை ரூபாய்க்குப் புத்தகம் வாங்கியது என்று கேட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். அந்தப் புத்தகத்தை இன்னாரின் மருமகள் எடுத்தாளா என்றால் அது சபை அலுவல் இல்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

ஆனால் இருப்பெடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். ரங்கநாதன் முதலாம் விதியை விளக்கும்போது அதைத்தான் எடுத்துக்காட்டுவார். எங்களிடம் சங்கிலி இல்லை, பொறுப்புக்கூறல் படிவம் இருக்கிறது.

சரி, கொப்பிக்கு வருகிறேன். இளம் பிள்ளைகள் கேளுங்கள். இடம்பெயர்வுகளுக்கு முன்னால் நான் வேலை செய்த இடத்தில் கொப்பி இல்லை, பிறவுண் முறைதான். 1895இல் நினா பிறவுண் என்ற அமெரிக்க நூலகர் கண்டுபிடித்தது. வேலை இப்படி: ஒவ்வொரு புத்தகத்தின் பின்மட்டை உட்புறத்திலும் ஒரு சின்னக் கடதாசிப் பை, அதற்குள் அந்தப் புத்தகத்துக்கென்று ஒரு அட்டை. அட்டையில் சேர்விலக்கம் (நூலகப் பதிவில் அந்தப் புத்தகத்துக்குரிய இலக்கம்), நூலின் பெயர், ஆசிரியர் பெயர். வாசகருக்கும் பை போலவே மடித்து ஒட்டிய சின்ன ரிக்கற், அதில் அவர் பெயரும் இலக்கமும். மூன்று புத்தகம் எடுக்க உரிமை உள்ளவருக்கு மூன்று ரிக்கற். புத்தகம் எடுக்கும்போது அட்டையை உருவி வாசகரின் ரிக்கற்றுக்குள் செருகு. திருப்பித் தரும் திகதியைப் புத்தகத்தில் குத்து. செருகியதை அந்தத் திகதிக்குரிய இடத்தில் தட்டில் அடுக்கு. முடிந்தது. புத்தகம் திரும்பி வந்தால்? ரிக்கற்றில் இருந்து அட்டையை உருவிப் புத்தகத்துக்குள் வை, ரிக்கற்றை வாசகர் கையில் கொடு.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆள் அந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதற்கு உலகத்தில் எங்கே சாட்சி இருக்கிறது?

ஒரு இடத்திலும் இல்லை. புத்தகம் வெளியே இருக்கும் வரை யாரிடம் இருக்கிறது என்று தெரியும், கணக்காய்வுக்கு அது போதும். திரும்பி வந்த நிமிடம் தடயம் அழிந்துவிடும். அன்றைக்கு எத்தனை போனது, எந்த வகுப்பில் எத்தனை என்று நாட்குறிப்பில் எண்ணாக எழுதுவோம். இலக்கியத்துக்குரிய 800இல் 14, தொழில்நுட்பத்துக்குரிய 600இல் 5, அப்படி. பெயர் இல்லை. நினா பிறவுண் இதை வாசகரின் அந்தரங்கத்துக்காகச் செய்யவில்லை, வேலை கெதியாக முடியத்தான் செய்தாள். ஆனால் வேலை செய்கிறவர் வாய் கொழுத்தவராக இருந்தாலும் மட்டை வாய் திறக்காது.

மீள்குடியேறிய பிறகு அட்டையும் இல்லை, தட்டும் இல்லை, ஒரு மேசையும் கொப்பியும்தான் இருந்தன. அவசரத்துக்கு வந்த கொப்பி அப்படியே தங்கிவிட்டது.

குளக்கட்டு | செவ்வாய், காலை 9.15

ஐயா, மட்டை எல்லாம் எந்தக் காலம். கணினிக்குப் போகலாமே. கோஹா என்று ஒரு மென்பொருள், நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காகத் தொடங்கியது, இலவசம். பார்கோட் ஒட்டினால் ஒரு தட்டு, வேலை முடிந்தது. நான் ஒரு இடத்தில் நிறுவிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கணினி மறக்காது. நாங்கள் சொல்லாவிட்டால் ஒருவர் பத்து வருடத்தில் எடுத்தது எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். கொப்பியில் மாமா விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது, கணினியில் பெயரைத் தட்டினால் காணும். கோஹாவில் திரும்பி வந்த புத்தகத்தின் வாசகர் பெயரை அழிக்கிற வசதி இருக்கிறது. நான் நிறுவிய இடத்தில் அதைப் போட்டேனா என்று இப்போது யோசிக்கிறேன். போடவில்லை. அங்கே மூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல், அதையும் திரையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று பின்னேரம் போன் எடுத்துச் சொல்கிறேன்.

ஓய்வூதியம் | செவ்வாய், காலை 9.50

சொல்லுங்கள் தம்பி. அமெரிக்காவில் 2001க்குப் பிறகு புதுச் சட்டம் வந்து, வாசகர் விபரத்தைக் கேட்டு வரலாம் என்ற நிலை வந்தபோது, சில நூலகங்கள் பழைய பதிவுகளை அன்றன்றே அழிக்கத் தொடங்கின. கனெக்டிகட் மாநிலத்தில் 2005இல் நான்கு நூலகர்கள், எப்.பி.ஐ. என்ற மத்திய புலனாய்வுத் துறையிடம் இருந்து வந்த கடிதத்துக்கு விபரம் கொடுக்க மாட்டோம் என்று நீதிமன்றம் போனார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் பின்வாங்கியது. எல்லோராலும் நீதிமன்றம் போக முடியாது. கையில் இல்லாததை ஒருவரும் கேட்டு வாங்க முடியாது, அது எல்லோருக்கும் முடிந்த காரியம்.

கிளுவைவேலி | செவ்வாய், இரவு 7.30

நான் நூலகத்தில் வேலை செய்பவள் இல்லை. பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தேன், எனக்கும் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அங்கத்துவம். படிவத்தில் பிணைக் கையெழுத்துக் கேட்டார்கள். சபைக்கு வரி கட்டுகிறவர் அல்லது அரச உத்தியோகத்தர். நான் இருக்கிற காணிக்கு இன்னும் உத்தரவுப் பத்திரம் இல்லை. உத்தியோகத்தர் ஒருவரைத் தேடிப் போய் "எனக்குப் புத்தகம் எடுக்க ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று கேட்க வேண்டும். அவர் போட்டார். ஆனால் பிறகு எங்கே கண்டாலும் "புத்தகம் துலைக்கேல்லைத்தானே" என்று கேட்கிறார். ஒரு நாவல் எடுக்க எனக்கு ஒரு கடமைப்பாடு. வரி கட்டுபவரின் பிள்ளை நாளைக்கே எடுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, நுண்கடன் எடுத்தேன், எங்கள் பக்கத்தில் எடுக்காத பெண்கள் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. யாரிடம் கொண்டுபோவது? சொந்தக்காரரிடம் போனால் ஊருக்கே தெரியும். நூலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தங்கச்சி கதவோரம் இருந்த மேசைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, அகராதியை வைத்து வரி வரியாக வாசித்துச் சொன்னாள். "கட்ட வேணுமோ வேண்டாமோ எண்டு நான் சொல்ல ஏலாது அக்கா, அதுக்கு இலவசச் சட்ட உதவி இருக்கு" என்று எங்கே போக வேண்டும் என்று எழுதித் தந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கடிதத்தைப் பற்றி இன்று வரைக்கும் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதிலிருந்துதான் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

பள்ளிநூலகம் | செவ்வாய், இரவு 8.10

அக்கா, அந்தத் தங்கச்சி செய்தது வேலையின் உச்சம். வாசித்துச் சொன்னாள், ஆனால் புத்தி சொல்லவில்லை. நாங்கள் சறுக்குவது அங்கேதான். சேனைப்படைப்புழு வந்த 2018இல் எங்கள் பாடசாலைக்கு ஒரு பிள்ளையின் தகப்பன் வந்து சோளத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். என் தகப்பன் அடித்த மருந்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரொறன்ரோக்காரன் | புதன், அதிகாலை 3.20

இங்கிருந்து வாசிக்கிறேன். கொப்பி, மட்டை என்று சண்டை பிடிக்கிறீர்கள். புத்தகம் இருக்கிறதா முதலில்? எங்கள் ஊர்ச் சங்கம் நாற்பது பெட்டி சேர்த்து வைத்திருக்கிறது. எந்த நூலகம் என்று சொல்லுங்கள், அனுப்புகிறோம்.

இறாக்கைப்பிள்ளை | புதன், காலை 8.30

அண்ணை, மனம் நோகாமல் ஒன்று சொல்லட்டுமா. போன முறை வெளிநாட்டில் இருந்து எங்களுக்கு ஆறு பெட்டி வந்தது. திறந்தால் விண்டோஸ் 98 வழிகாட்டி நாலு, ஒரே சமையல் புத்தகம் ஒன்பது, 90களின் வாராந்திரிகள், யாரோ ஒருவரின் திருமண அல்பம். அல்பத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். எங்களிடம் இல்லாதது எது என்று ஒரு பட்டியல் அனுப்பினால் அதை மட்டும் வாங்கித் தருவீர்களா? பழைய ஈழத்து வெளியீடுகள் இருந்தால் எங்களுக்கு வேண்டாம், நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுங்கள். 2005இல் இருந்து அவர்கள்தான் அதை மின்வடிவில் சேர்க்கிறார்கள்.

ரொறன்ரோக்காரன் | புதன், காலை 8.41

ஹா ஹா. அல்பம் எங்கள் மச்சாளுடையதாக இருக்கும். பட்டியலை அனுப்புங்கோ.

ஓய்வூதியம் | புதன், மாலை 6.30

வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் தொழில்தான்.

நடுநிலை என்று முதலில் ஒரு சொல் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன், அதைப் பற்றி ஒரு கதை. ஏ9 வீதி திருத்தம் நடந்த காலம். பின்னேரங்களில் ஒரு தொழிலாளி வருவார், சிங்களவர், நாற்பது வயதிருக்கும். கால் எல்லாம் தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து பத்திரிகை மேசையைச் சுற்றிப் பார்ப்பார். எல்லாம் தமிழ். படங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் சந்தித் தேநீர்க்கடையில் முதல்நாள் சிங்களப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டேன். செலவு இல்லை, அவர்கள் வடை சுற்றுவதற்கு வைத்திருந்தது.

எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார், "இது ஆற்றை நூலகம்?" என்று, யாருடைய நூலகம் என்று. எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி என் வயிற்றுக்குள்ளும் இருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போனதாகச் சொல்கிறார்கள். நான் அந்த மேசைகளில் இருந்து படித்தவன். ஆனாலும் அந்தச் சிங்களப் பத்திரிகையை மேசையில் இருந்து எடுக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அந்த மனிதர் வேலை முடியும் வரை வந்தார். எழும்பிப் போகும்போது கதிரையை மேசைக்குள் தள்ளிவைத்துவிட்டுத்தான் போவார். எங்கள் பெடியள் ஒருவரும் செய்யாத காரியம்.

நெடுங்கேணியான் | புதன், இரவு 9.00

ஐயா, நான் அன்றைக்கு இருந்திருந்தால் கேட்டவரின் பக்கம்தான் நின்றிருப்பேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கடந்தகால வினாத்தாள் இல்லாத காலம் அது.

ஓய்வூதியம் | புதன், இரவு 9.12

தெரியும் தம்பி. நீங்கள் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் வந்திராது.

பாலைப்பழம் | புதன், இரவு 9.40

என்னாலும் இதை இலகுவாக ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் ஐயா, அந்த ஆளிடம் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினீர்களா?

ஓய்வூதியம் | புதன், இரவு 9.44

இல்லை. ஒருவரிடமும் வாங்கியதில்லை. கோடு கீறினேன்.

இறாக்கைப்பிள்ளை | மூன்று கிழமை கழித்து, சனி, மாலை 3.15

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

செயலாளரிடம் போனேன். நூலகர் தொழிலின் விழுமியம், அந்தரங்கம் என்று தொடங்கினால் கேட்கமாட்டார் என்று தெரியும். அதனால் ஐயா சொன்னபடி, கொப்பியில் எந்தப் புத்தகம் வெளியே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எழுபது பக்கம் புரட்ட வேண்டும், தட்டில் என்றால் இரண்டு நிமிடம் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். கொப்பியில் தேடிப் பார்த்ததில் 31 புத்தகம் ஒரு வருடத்துக்கு மேலாக வராமல் இருக்கிறது. அதைக் கேட்டதும் "செய்" என்றார். ரிக்கற்றுகள் எல்லாம் வெட்டி ஒட்டி முடித்துவிட்டோம். தட்டுக்குச் சப்பாத்துப் பெட்டி இரண்டு.

வரவுப் பதிவேட்டில் அடையாள அட்டை நிரலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் பேனை அடிக்கடி தொலைந்துபோகிறது, நான் என்ன செய்ய. பாலைப்பழம் அண்ணை எங்கள் ஊராக இருந்தால் வரலாம்.

பிணைக் கையெழுத்து உபவிதியில் இருக்கிறதாம், சபைக் கூட்டத்தில்தான் மாற்ற வேண்டும். கிளுவைவேலி அக்கா, வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருகிறது, அந்தச் சாட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.

மாமா போன கிழமை வந்தார். மேசையைப் பார்த்தார். "கொப்பி எங்கை பிள்ளை?" என்றார். "இப்ப அப்பிடி எழுதிறேல்லை மாமா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பத்திரிகை எடுத்துக்கொண்டு போய் இருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தெரியவில்லை.

அவளுக்கும் மூன்று ரிக்கற் வெட்டி அங்கத்துவ இலக்கப்படி பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை இறாக்கையில் ஓரத்துக்குத் தள்ளி, கதிரையில் இருந்தபடியே எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன்.

பள்ளிநூலகம் | சனி, மாலை 5.00

தங்கச்சி, ரிக்கற்றுக்கு என்ன மட்டை பாவித்தீர்கள்? நான் பிறிஸ்டல் போட்டில் வெட்டினேன், ஓரம் பிரிந்துகொண்டு வருகிறது.

இறாக்கைப்பிள்ளை | சனி, மாலை 5.20

பழைய கோப்பு மட்டை அக்கா. சபையில் கழித்து ஒதுக்கியது கட்டுக் கட்டாகக் கிடந்தது. மடிக்கிற இடத்தில் முதலில் மைமுடிந்த பேனையால் ஒருக்கால் அழுத்திக் கோடு இழுங்கள், பிறகு மடியுங்கள். பசை கனக்கப் பூச வேண்டாம், உள்ளுக்கு ஒட்டிக்கொண்டால் அட்டை போகாது.

கணக்குக்கிளை | சனி, மாலை 5.45

கோப்பு மட்டை எடுத்ததற்குக் கழிவுப் பதிவு போட்டீர்கள்தானே?